மருத்துவப் பதிவுக்கு ஒரே பொது அமைப்பு: நோயாளிக்கு நல்லதா, டாக்டருக்குச் சுமையா?

அடையாறு மகன்:
அப்பாவுக்கு 74 வயது. சிங்கப்பூரில் தம்பி வீட்டில் இருந்தபோது எடுத்த டெஸ்டில், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 124. சென்னை திரும்பியதும் எடுத்ததில் 1.4. இங்கே ஒரு மருத்துவமனையில் இரண்டையும் அலகு இல்லாமல் கணினியில் ஏற்றிவிட்டார்கள். திரையில் கோடு செங்குத்தாகக் கீழே விழுந்தது. "கிட்னி சரியாயிடுச்சாப்பா?" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். உண்மையில் இரண்டும் ஒரே அளவுதான். சிங்கப்பூர் லேபின் மைக்ரோமோல் கணக்கை 88.4ஆல் வகுத்தால் இங்குள்ள மில்லிகிராம் கணக்கு வந்துவிடும். எல்லா மருத்துவமனையும் ஒரே தரவு அமைப்பைப் பின்பற்ற வேண்டும் என்று சட்டமே வேண்டும்.

ஓபி டாக்டர்:
உங்கள் வருத்தம் புரிகிறது சார். ஆனால் லேப் எண்ணுக்குப் பொருந்துவது ஓபி மேஜைக்குப் பொருந்தாது. போன வாரம் ஓர் ஆட்டோக்காரர் சொன்னார்: "ராத்திரி ரெண்டு மணிக்கு எரியுது டாக்டர், எழுந்து ரெண்டு பிஸ்கட் தின்னா அடங்குது." டுவோடினல் அல்சரோ (சிறுகுடலின் தொடக்கத்தில் வரும் புண்) என்ற சந்தேகம் அந்தப் பேச்சிலேயே வந்துவிடுகிறது. எங்கள் திரையில் இருக்கும் பட்டியலோ 'வயிற்று வலி' என்று மட்டும்தான் தருகிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் ராத்திரியும் போச்சு, பிஸ்கட்டும் போச்சு. வெளியே வரிசை நிற்கும்போது இருபது கட்டம் நிரப்பவும் என்னால் முடியாது.

ஓஎம்ஆர் மாடலர் (மருத்துவப் பதிவுக்குத் தரவு அமைப்பு வடிவமைப்பவர்):
டாக்டர், அது திரையை வடிவமைத்தவர்களின் தவறு. ஓப்பன் ஈஹெச்ஆர் (openEHR) என்ற பொதுத் தரவு அமைப்பில் நோயாளி சொன்னதைச் சொன்னபடியே எழுத இடம் இருக்கிறது. ரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் எண், கீழ் எண்ணோடு, உட்கார்ந்திருந்தாரா படுத்திருந்தாரா, கைப்பட்டை என்ன அளவு என்பதற்கும் அதற்கான ஆர்க்கிடைப்பில், அதாவது பொது மாதிரியில், இடம் உண்டு. உங்கள் ஓபிக்கு வேண்டியதை மட்டும் டெம்ப்ளேட்டில், அதாவது உங்களுக்கான படிவத்தில், எடுத்துக்கொள்ளலாம்.

ஓபி டாக்டர்:
அவரவர் இஷ்டத்துக்குக் கத்தரித்தால் பொது அமைப்பு எங்கே மிஞ்சும்?

ஓஎம்ஆர் மாடலர்:
கத்தரித்த கட்டம் காலியாக இருக்கும், அவ்வளவுதான். நிரப்பியது எந்த மருத்துவமனையிலும் அதே இடத்தில் இருக்கும், தேடி எடுக்கலாம். நாம் ஒன்றும் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. மின்னணுப் பதிவுக்கான தரநிலைகளை மத்திய அரசு 2013லேயே அறிவித்து 2016ல் திருத்தியது. நோய்ப் பெயர்களுக்கு ஸ்னோமெட் சிடி, லேப் டெஸ்டுகளுக்கு லாயிங்க் (LOINC) என்ற குறியீட்டுப் பட்டியல்கள் எல்லாம் அதில் இருக்கின்றன.

வடபழனி லேப்:
லாயிங்க் பற்றி ஒரு வார்த்தை. வெறும் வயிற்றில் எடுத்த சுகருக்கு அதில் 1558-6 என்று தனி எண். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் 'சுகர் 1', 'சுகர் 2' என்று வைத்திருந்தார்கள். பழைய டெக்னீஷியன் வேலையை விட்டுப் போனதும் எது சாப்பிட்ட பிறகு எடுத்தது என்று சொல்ல ஆளே இல்லை.

அடையாறு மகன்:
மத்திய அரசின் சுகாதாரக் கணக்கு எண்ணான ஆபா (ABHA), அதன் 14 இலக்கமும் வாங்கிவிட்டேன். செயலியில் டிஸ்சார்ஜ் சம்மரி வந்தது. திறந்தால் ஸ்கேன் செய்த பிடிஎஃப். மருத்துவத் தகவலைக் கணினிகள் பரிமாறிக்கொள்வதற்கான ஃபயர் (FHIR) தரநிலை அதையும் உறையில் போட்டு அனுப்ப விடுகிறதாமே? அதற்கு அப்பாவின் மஞ்சப்பையே போதும், அதில் தேதி வாரியாகவாவது அடுக்கி வைத்திருக்கிறார்.

ஓபி டாக்டர்:
அது எனக்கும் ஆதங்கம்தான். சரி, அலர்ஜி, மருந்து, லேப் மூன்றையும் கட்டத்தில் நிரப்பச் சம்மதம். பெனிசிலின் அலர்ஜியை எங்கோ ஒரு பத்தியில் எழுதிவைத்தால் கணினி எச்சரிக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோயாளியின் கதையை நான்தான் எழுதுவேன். எந்தக் கட்டம் கட்டாயம் என்பதையும் ஓபியில் உட்காருபவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஓஎம்ஆர் மாடலர்:
அதைத்தான் நானும் கேட்கிறேன் டாக்டர். சனிக்கிழமை திரையோடு வரட்டுமா? நீங்கள் வழக்கம்போல நோயாளிகளைப் பாருங்கள், நான் ஓரமாக உட்கார்ந்து எங்கே கை தடுக்குகிறது என்று குறித்துக்கொள்கிறேன்.

ஓபி டாக்டர்:
எட்டு மணிக்கு வந்துவிடுங்கள். ஒன்பதுக்கு மேல் நாற்காலி போட இடம் இருக்காது.