கலைச்சொல்: டீசல் தொட்டியைத் 'தூர்வாருதல்'

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

விசைப்படகு பராமரிப்புக் கையேட்டில் டீசல் தொட்டிப் பகுதி ஒரே ஒரு சொல்லுக்காக நிற்கிறது. தொட்டியின் அடியில் படியும் கருப்பு வழவழப்புக்கு என்ன பெயர், அதை எடுப்பதற்கு என்ன பெயர்? இதுவரை வந்தவை கசடு, மண்டி, டீசல் பாசி. எடுப்பதற்குக் 'கலத் தூய்மையாக்கம்'. நான் சொல்வது தூர், தூர்வாருதல்.

எங்கள் குடும்பப் படகு ஒருமுறை கோடியக்கரைக்குக் கிழக்கே, அலை கூடின நேரத்தில் நின்றுபோனது. டிரைவர் ஃபில்டரைக் கழற்றினார், நான் டார்ச் பிடித்தேன். உள்ளே காகித மடிப்பே தெரியவில்லை. அழுகிய வாழைமட்டையிலிருந்து உரிந்துவரும் சவ்வு போல ஏதோ ஒன்று அவர் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. புது ஃபில்டர் போட்டு, டீசல் குழாயில் புகுந்த ஏரை எடுத்து, ஸ்டார்ட் செய்தோம். கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. கையிலிருந்த இரண்டு புது ஃபில்டரும் அடைத்துப் போனபின் பக்கத்துப் படகு கயிறு போட்டுக் கரைக்கு இழுத்து வந்தது. கடுவையாற்றில் கட்டிக் கிடந்தவரை அந்தத் தொட்டி ஒரு தொல்லையும் தரவில்லை. அடியில் அசையாமல் கிடந்ததைக் கடல் ஆட்டிக் கலக்கிவிட்டது, அவ்வளவுதான்.

கரையில் எல்லாரும் ஒரே குரலில் "பாசி புடிச்சிருக்கு" என்றார்கள். இந்தச் சொல்லைத்தான் கையேட்டில் ஏற்கக் கூடாது என்கிறேன். பாசிக்கு வெளிச்சம் வேண்டும். இரும்புத் தொட்டிக்குள் ஏது வெளிச்சம்? அங்கே வளர்வது பூசணமும் பாக்டீரியாவும். ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூசணம் இதில் பெயர்போனது. விமான எரிபொருள் தொட்டிகளிலும் இதே தொல்லை கொடுத்திருக்கிறது. தண்ணீர் டீசலைவிடக் கனம், அதனால் அடியில் தங்கும். அந்தத் தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் இருந்துகொண்டு, கீழே குடிக்கிறது, மேலே தின்கிறது. தண்ணீர் இல்லாவிட்டால் அதற்குப் பிழைப்பே இல்லை. ஆகவே உயிருள்ளதற்கு 'டீசல் பூசணம்' என்று வைக்கலாம். ஊறுகாய் ஜாடியில் பூசணம் பூப்பதை அறியாத வீடு இல்லை. பாக்டீரியாவும் சேர்ந்ததுதானே என்று கேட்ட நண்பருக்கு: சரிதான், கையேட்டில் ஒரு வரி விளக்கம் போடுவோம். கண்ணுக்குத் தெரிவதற்குப் பெயர் முதலில்.

ஆனால் அடியில் கிடப்பது பூசணம் மட்டும் இல்லை. செத்த பூசணம், துரு, டீசலே பழசாகி இறங்கிய பிசின், மூடி வழியாக வந்த மணல், தண்ணீர் எல்லாம் சேர்ந்தது. இது வேறு பொருள், இதற்கு வேறு பெயர் வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினால் ஆபத்து உண்டு. பூசணத்தைக் கொல்ல மருந்து ஊற்றுகிறவர் வேலை முடிந்தது என்று கடலுக்குப் போவார். செத்தது முழுக்கக் கீழே இறங்கி, முன்னைவிட வேகமாக ஃபில்டரை அடைக்கும்.

'கசடு' நல்ல சொல், ஆனால் இப்போது மலக்கசடு என்று கழிவுநீர் லாரியோடு போய்விட்டது. 'மண்டி' எனக்கும் பிடித்தது. எண்ணெய்க் குடத்தின் அடியில் இருப்பது மண்டிதான். ஆனால் துறைமுகத்தில் மண்டி என்றால் மீன் விற்கிற இடம்.

தூர் அப்படி இல்லை. கிணறு தூர்ந்து போகும், வாய்க்கால் தூர்ந்து போகும். பெயர்ச்சொல் மட்டுமல்லாமல் வினையும் கூடவே கிடைக்கிறது: தொட்டி தூர்ந்திருக்கிறது, தூர்வாரினோம், தூர்வாராமல் விட்டதால் நின்றது. 'தூய்மையாக்கம்' என்றால் வெளியே துடைத்தாலும் தூய்மைதான். தூர்வாருதல் என்றால் அடிவரை போய் வாரி வெளியே போட வேண்டும் என்று டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காலமும் ஒத்துப்போகிறது. ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன் ஆறும் வாய்க்காலும் தூர்வாருகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு சும்மா இருக்கிறது.

நெல்லுக்கும் தூர் உண்டே, "நல்லா தூர் கட்டியிருக்கு" என்கிறோமே என்று திருவாரூர் ஐயா எழுதியிருந்தார். உண்மை. ஆனால் வாய்க்காலைத் தூர்வாரச் சொன்னால் யாரும் நாற்றைப் பிடுங்கப் போவதில்லை ஐயா. பக்கத்துச் சொல் பொருளைக் காட்டிவிடும்.

சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று பார்க்க, கையேட்டு வரைவிலிருந்து ஒரு பத்தி:

"தடைக்காலத்தில் தொட்டியைப் பாதி டீசலோடு விடாதீர்கள். பகலில் சூடேறி இரவில் குளிரும்போது மூச்சுக்குழாய் ஈரக்காற்றை உறிஞ்சும்; காலி இடத்துச் சுவரில் அது வியர்த்து அடியில் இறங்கும். ஒன்று நிரப்பி வையுங்கள், இல்லாவிட்டால் முழுக்க இறக்கித் தூர்வாரி, காயவைத்து மூடுங்கள். தூர்வாரும்போது முதலில் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை விடுங்கள். பிறகு கைத்துளையைத் திறந்து, தடுப்புத் தகடுகளுக்கு நடுவே ஒவ்வொரு அறையையும் தனியாக வாருங்கள். ஒரு அறையை விட்டாலும் அங்கிருந்து பூசணம் மறுபடி பரவும். நூல் பிரியும் பனியன் வேஸ்ட் வேண்டாம், அந்த நூலே ஃபில்டரை அடைக்கும். தொட்டிக்குள் தலையை விடாதீர்கள். உள்ளே ஆவி நிற்கும்."

இதில் தூர்வாரி என்ற இடத்தில் 'கலத் தூய்மையாக்கம் செய்து' என்று போட்டு, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. தொட்டி அடியில் தண்ணீர் ஒதுங்குவதற்காகவே விடும் பள்ளத்திற்கு 'மடு' என்று எழுதியிருக்கிறேன், ஆற்று மடு போல. காரைக்கால், பழையாறு பக்கம் படகு கட்டும் ஆசாரிகள் அதற்கு வேறு சொல் வைத்திருந்தால், அங்கே இருப்பவர்கள் கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொல்தான் கையேட்டில் போகும்.