நடக்கவும் தோதான சைக்கிள் சப்பாத்து எது?

வணக்கம் நண்பர்களே. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் சைக்கிளோடு ஏறி ஜார்ஜ் டவுனுக்கு வேலைக்குப் போகிறேன். இறங்கிய பிறகு நடையும் நிறைய. மதியம் சாப்பாட்டுக்கு லிட்டில் இந்தியா, அப்புறம் பாங்கி, கடை கண்ணி என்று கால் நிற்பதில்லை. ஒரே சப்பாத்தில் இரண்டையும் சமாளிக்க முடியுமா?

கிளீட் (சப்பாத்தின் அடியில் திருகி, பெடலில் மாட்டிக்கொள்ளும் துண்டு) மூன்று திருகில் பூட்டும் ரோடு சைக்கிள் வகை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அடியில் துருத்திக்கொண்டு நிற்கும் அந்தப் பிளாஸ்டிக், மழை நனைத்த ஐந்தடி நடைபாதை ஓட்டில் ஆளைச் சாய்த்துவிடும். போதாக்குறைக்கு ஒரு கடை வாசல் உயரம், அடுத்தது பள்ளம். ஷிமானோ நிறுவனத்தின் எஸ்பிடி பெடல் முறை மாதிரி இரண்டு திருகு வகையில், சிறிய இரும்பு கிளீட் ரப்பர் அடிக்குள் பதுங்கியிருக்கும். அதுதான் எனக்குச் சரிப்படும் என்று தோன்றுகிறது.

பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்: ரப்பர் தேய்ந்ததும் கிளீட் தரையில் இடித்து 'டக் டக்' என்கிறதா? அடி விறைப்பாக இருந்தால் மிதிக்கச் சுகம், ஆனால் நடக்கும்போது குதிகால் கழன்று வருமே, எந்த அளவு விறைப்பு போதும்? என் பாதம் முன்பக்கம் அகலம். கோயிலுக்கும் போவதால் கயிறு கட்டுவதைவிட ஒட்டுப்பட்டி மேல். நம் ஊர் மழையில் நனைந்தால் மறுநாள் காலைக்குள் காய வேண்டும்.

கிளீட்டே வேண்டாம், முள் வைத்த தட்டைப் பெடலும் சாதாரண சப்பாத்தும் போதும் என்பவர்களும் வாருங்கள். கையில் 400 ரிங்கிட் வரை இருக்கிறது. பினாங்குத் தீவில் போட்டுப் பார்த்து வாங்க எந்தக் கடை நல்லது?