விஆர் ஹெட்செட்டுக்குள் அச்சுப் புத்தகம் படிக்க முடியவில்லை, எழுத்து கரைகிறது. உதவி தேவை

கடல்பேத்தி:
வணக்கம். 1970-களில் ஒரு வார இதழில் வந்த கடல் பயணத் தொடரை என் பாட்டி வாராவாரம் பக்கம் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்திருந்தார். இப்போது அது என்னிடம் இருக்கிறது. மின்னூலாகக் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம், ஓரத்தில் பாட்டி பென்சிலால் எழுதியது அதில் இருக்காதே.

அதைக் கடலுக்கு நடுவே உட்கார்ந்து படிக்க ஆசை. விஆர் ஹெட்செட்டில் (கண்ணை மூடி மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் காட்சிக் கருவி) சுற்றிலும் கடல் வைத்துவிட்டு, மடிக்கு நேரே மட்டும் பாஸ்த்ரூ சன்னல் (வெளியே இருப்பதைக் கேமரா வழியாகத் திரையில் காட்டும் பகுதி) ஒன்றைத் திறந்தேன். கை தெரிகிறது, புத்தகம் தெரிகிறது, எழுத்து மட்டும் கரைகிறது. ‘ரி’யா ‘ரீ’யா, மேலே புள்ளி இருக்கிறதா இல்லையா என்று ஊகித்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. இருபது நிமிடத்தில் தலைவலி வந்துவிடுகிறது. லென்ஸ்களுக்கு நடுவே உள்ள தூரத்தைச் சரிசெய்தும், விளக்கைக் கூட்டியும் பார்த்துவிட்டேன்.

மாடித்தோட்டம்:
முன்பக்கக் கேமராக்களைத் துடைத்தீர்களா? விரல் ரேகை பட்டிருந்தாலும் இப்படித்தான் மங்கும்.

கடல்பேத்தி:
துடைத்தேன் அண்ணா. கொஞ்சம் தெளிவு, அவ்வளவுதான்.

லென்ஸ்குமார்:
சகோதரி, உங்கள் அமைப்பில் தவறில்லை. எந்த மாடல் என்று நீங்கள் சொல்லாததால், 2023-இல் வந்த மெட்டா குவெஸ்ட் 3-ஐ வைத்துக் கணக்குப் போடுகிறேன். அதன் பாஸ்த்ரூ, பார்வைக் கோணத்தின் ஒரு டிகிரிக்கு சுமார் 18 பிக்சல். நல்ல கண்பார்வைக்குச் சுமார் 60 வேண்டும். புத்தகத்தை 40 செ.மீ. தள்ளிப் பிடித்தால் ஒரு டிகிரி என்பது 7 மி.மீ. அப்படியானால் 2 மி.மீ. உயர எழுத்துக்கு ஐந்து பிக்சல்தான் கிடைக்கும், மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒன்று. ஆங்கில எழுத்தை அந்த ஐந்தில் ஒப்பேற்றிவிடலாம். நம் கொம்புக்கும் சுழிக்கும் அது போதாது.

தலைவலிக்குக் காரணம் வேறு. ஹெட்செட்டின் குவியம் ஒரு மீட்டருக்கு அப்பால் நிலையாக இருக்கிறது. கையிலுள்ள புத்தகத்துக்காகக் கண்கள் உள்பக்கம் திரும்பும், ஆனால் கண்ணின் வில்லை தூரத்துக்குக் குவிய வேண்டும். இந்த இழுபறியை எந்த செட்டிங்கும் தீர்க்காது.

திண்ணைவாசகி:
நானும் இதே பாடு பட்டிருக்கிறேன் கண்ணு. கேமராவை விட்டுவிடு, மூக்குப் பக்க இடைவெளி வழியாகப் படி! முகத்தில் அழுந்தும் பஞ்சுச் சட்டத்துக்குப் பதிலாக, கீழ்ப்பக்கம் திறந்த சட்டம் தனியாக விற்கிறார்கள். அதை மாட்டினால் நிமிர்ந்து பார்க்கும்போது கடல், கண்ணைத் தாழ்த்தினால் உன் சொந்தக் கண்ணுக்கே தெரியும் பக்கம். நடுவில் பிக்சலே கிடையாது. மடியில் தலையணை வைத்து அதன்மேல் புத்தகத்தைச் சாய்த்துக்கொள், கழுத்து வளையக் கூடாது.

கடலை அந்தி நேரமாக வை. பளிச்சென்ற வானத்திலிருந்து தாளுக்கு இறங்கினால் கண் கூசும். அப்புறம், சத்தம்தான் முக்கியம். படிக்கும்போது கடலைப் பார்க்கப் போவதில்லை, கேட்கத்தான் போகிறாய்.

கடல்பேத்தி:
அக்கா, வேலை செய்கிறது! மூன்று அத்தியாயம் முடித்தேன், பாட்டியின் பென்சில் எழுத்துகூடத் தெளிவாகத் தெரிந்தது. ஒரே சிக்கல்: அறை விளக்கை அணைத்துவிட்டு புத்தகத்துக்கு மட்டும் சின்ன விளக்கு வைத்தால், கடல் திடீரென்று சாய்ந்து நின்றுவிடுகிறது.

லென்ஸ்குமார்:
உங்கள் தலை எங்கே திரும்புகிறது என்பதை ஹெட்செட்டின் கேமராக்கள் அறையைப் பார்த்துத்தான் கணிக்கின்றன. இருட்டில் சுவரும் அலமாரியும் தெரியாமல் தடுமாறும். பின்னால் ஒரு மங்கலான விளக்காவது எரியட்டும்.

பகலில் சன்னலோரம் படித்தால் கவனம். கழற்றி வைக்கும்போது லென்ஸ் மேல் வெயில் விழக் கூடாது. பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்துத் திரையைப் பொசுக்கிவிடும்.

கடல்பேத்தி:
பின்னால் விளக்குப் போட்டதும் கடல் நேராகிவிட்டது. நான்காம் அத்தியாயத்தில் புயல் வருகிறது, ஓரத்தில் பாட்டி ‘பயம்’ என்று எழுதியிருக்கிறார். அதற்குப் பொருத்தமான புயல் சத்தம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.