டி.எஸ். பாலையாவை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்? – வன்னி உறவுகளின் அனுபவப் பகிர்வு

முள்ளியவளையிலிருந்து (தொடக்கிவைப்பவர்)

எல்லோருக்கும் வணக்கம். பழைய படங்களைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் சிவாஜியா எம்.ஜி.ஆரா என்பதிலேயே பொழுது போய்விடுகிறது. இந்த முறை நடிகர் டி.எஸ். பாலையாவுக்கென்று தனியாக ஓர் இழை தொடங்குவோம். அவர் 1972இல் காலமானவர். அவரை நேரில் கண்டவர்கள் நம்மிடையே இருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர் வந்து போகாத வீடு வன்னியில் கிடையாது. யார் எங்கே, எப்படிச் சந்தித்தீர்கள் என்று எழுதுங்கள்.

எனக்கு அவர் முதலில் குரலாகத்தான் வந்தார். தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. பற்றரியோ யுத்தகாலத்தில் தடைசெய்த சாமான். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லில் முட்டவிட்டு, அதிலிருந்து வயர் இழுத்து ரேப் ரெக்கோடருக்குக் கொடுப்போம். ஒருவர் இருந்து கையால் பெடலைச் சுற்ற வேண்டும். எங்கள் வீட்டில் தப்பியிருந்த கசெட்டுகளில் ஒன்று ‘திருவிளையாடல்’ கதைவசனம். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் பாலையா நடித்த ஹேமநாத பாகவதரின் குரல் இழுபட்டுக் கிணற்றுக்குள் இருந்து கதைப்பது போல் ஆகிவிடும். “சுத்தடா, சுத்தடா” என்று அம்மம்மா கத்துவா. அந்த ஆணவமான சிரிப்பு குழையக் கூடாது அவவுக்கு.

ஏ9 பாதை 2002இல் திறந்த பிறகு, ஒரு கலியாண வீட்டில் ஜெனரேட்டர் பிடித்து விடிய விடியப் படம் போட்டார்கள். அன்றுதான் அந்தக் குரலுக்குரிய முகத்தைக் கண்டேன். ‘ஒருநாள் போதுமா’ பாட்டு பாலமுரளிகிருஷ்ணா பாடியது. அது தெரிந்திருந்தும் அந்தத் தொண்டை பாலையாவுடையது இல்லை என்று மனம் ஒப்பவில்லை. மாண்டு, தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகம் மாற மாற, ‘என்னை விட்டால் யார்’ என்ற செருக்கு புருவத்தில் ஒரு படி, உதட்டில் ஒரு படி என்று ஏறிக்கொண்டே போகிறது.

ஆனால் என்னைப் பிடித்து வைத்தது அது இல்லை. அதே ஆள், விறகு விற்க வந்தவனாகச் சிவபெருமான் பாடுகிற ‘பாட்டும் நானே’யைக் கேட்கிற இடம். தன்னோடு போட்டிக்குப் பாட வேண்டிய பாணபத்திரருக்கு வேண்டாமென்று விட்ட சீடன் ஒருவனே இப்படிப் பாடுகிறான் என்றால் குரு எப்படிப் பாடுவார் என்று பாகவதருக்குப் புரிகிறது. சிவாஜி நடிக்கிற நடிப்பில் திரையே அவருடையதாக இருக்கிறது. என்றாலும் அந்தப் பாட்டு எவ்வளவு பெரியது என்று நமக்குக் காட்டுவது பாலையாவின் முகம்தான். தோற்றுப்போவதை இவ்வளவு முழுமையாக நடித்த இன்னொருவரை நான் கண்டதில்லை.

தெரியாத பிள்ளைகளுக்காகச் சுருக்கமாக: 1914இல் பிறந்தவர். பெயருக்கு முன்னால் இருக்கிற ‘டி’ திருநெல்வேலி. நாடகக் குழுவில் வளர்ந்து, எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதிலீலாவதி’ மூலம் 1936இல் சினிமாவுக்கு வந்தார். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். அடுத்த வருடமே ‘அம்பிகாபதி’யில் தியாகராஜ பாகவதருக்கு வில்லன். அப்புறம் 35 வருடத்துக்கு வில்லன், நண்பன், சேட்டு, அப்பா, வித்துவான் என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

புதுக்குடியிருப்பிலிருந்து

நாங்கள் கோயில் மேளக்காரக் குடும்பம். அதனால் எங்கள் வீட்டில் பாலையா என்றால் ‘தில்லானா மோகனாம்பாள்’ தவில்காரர் முத்துராக்குதான். 1968இல் வந்த படம். வீடியோவில் எத்தனை தரம் ஓடினாலும் பெரியப்பா புதிதாகப் பார்ப்பது போல் முன்னுக்கு வந்து குந்திவிடுவார்.

எல்லோரும் சிவாஜியின் நாதசுரத்தைப் பார்ப்பார்கள். பெரியப்பா பாலையாவின் இடக்கையைப் பார்ப்பார். “கழியைப் பிடிச்சிருக்கிற பிடியைப் பாரடா. புதுசாப் பழகிறவன் என்றால் இறுக்கிப் பிடிச்சிருப்பான்” என்பார். தவில் தெரியாதவர்களுக்கு: வலக்கை விரல்களில் கூடு மாட்டுவோம். துணிக் கீலத்தில் பசை பூசி விரலளவுக்குச் சுற்றிச் சுற்றிக் காயவைத்துக் கல்லுப் போல் ஆக்கியது. இடக்கையில் கழி. பலாமரக் கட்டையில் கடைந்த தவில், வார்ப்பட்டியில் தோளில் தொங்கும்போது உடம்பு முழுவதும் அதற்கு ஏற்றபடி சரிந்து கொடுக்க வேண்டும். நடிகர்மார் தவிலை மாட்டினால் பெரும்பாலும் தவில் அவர்களைச் சுமப்பது மாதிரித் தெரியும். பாலையாவுக்கு அப்படி இல்லை. இருந்து வாசித்தாலும் நின்று வாசித்தாலும் அது பல காலம் அவர் மடியில் கிடந்த சாமான் போலவே இருக்கும்.

பெரியப்பா சொன்ன இன்னொன்றை நான் பிறகு தொழிலுக்கு வந்துதான் விளங்கிக்கொண்டேன். தவில்காரனை அவன் வாசிக்காத நேரத்தில் பார்க்க வேண்டும் என்பார். நாதசுரத்தில் ராகம் ஆலாபனை போகும்போது தவிலுக்கு வேலை இல்லை. கை சும்மா இருக்கும். ஆனால் காது சும்மா இருக்கக் கூடாது. அந்த நேரம் பராக்குப் பார்க்கிறவன் பிறகு எடுப்பில், அதாவது பாட்டு தாளத்தில் தொடங்குகிற இடத்தில், பிழை விடுவான். பாலையா சும்மா இருக்கும்போது தலையை ஆட்டுகிற ஆட்டு, ஒரு பிடி நன்றாக விழுந்ததும் கண்ணைச் சுருக்கிப் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிற பார்வை, இதெல்லாம் மேடையில் எங்களுக்குள் நடக்கிற சங்கதி. படத்தில் நாதசுரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து பழகிய கச்சேரிக்காரன் போலவே அந்த மனிதன் இருக்கிறார்.

பெரியப்பா யாரையும் இலகுவில் ஒப்புக்கொள்கிறவர் இல்லை. அளவெட்டி தட்சிணாமூர்த்தியின் தவிலை இளந்தாரியாக இருக்கும்போது கேட்டவர். அதற்குப் பிறகு கேட்ட எல்லாவற்றையும் அதோடுதான் நிறுப்பார். அப்படிப்பட்டவர் ஒரு சினிமா நடிகரை, “இவன் எங்கட ஆள்” என்று சொன்னார். வற்றாப்பளைப் பொங்கலுக்கு மேளத்துக்குப் போகிற வழியில், ஒரு தேத்தண்ணிக் கடையில் இதைப் பற்றி வேறொரு தவில்காரரோடு அவர் பெரிய சண்டையே பிடித்தார். மற்றவர், சினிமாக்காரனுக்கு என்ன தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னதுதான். மேளம் முடிந்து திரும்பும் வரைக்கும் இரண்டு பேரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

கிளிநொச்சியிலிருந்து, நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கும் ஆசிரியை

முள்ளியவளை அண்ணா சொன்னதும் புதுக்குடியிருப்புத் தம்பி சொன்னதும் ஒரே விசயம்தான். பாலையா கேட்கத் தெரிந்த நடிகர்.

பிள்ளைகளுக்குப் பயிற்சியாக நான் கொடுக்கிறது ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பேய்க்கதை சொல்கிற காட்சி. ஸ்ரீதரின் படம், 1964. நாகேஷ் ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ முதலாளியாக நின்று அப்பாவாக வரும் பாலையாவுக்குக் கதை சொல்வார். வகுப்பில் எல்லோருக்கும் நாகேஷ்தான் வேண்டும். பாலையாவுக்கு ஆள் கிடைக்காது. “ரீச்சர், அதில ஒண்டுமே செய்யிறதுக்கு இல்லையே” என்பார்கள்.

ஒரு முறை அதிகம் கதைக்காத ஒரு பெடியனைக் கதிரையில் இருத்திவிட்டேன். நடிக்க வேண்டாம், எதிரே நிற்கிறவன் சொல்வதை மட்டும் உண்மையாகக் கேள் என்றேன். நாகேஷாக நின்ற பிள்ளை வழக்கம் போலக் கையைக் காலை ஆட்டிக் கதை சொன்னான். கொஞ்ச நேரத்தில் வகுப்பே கதிரையில் இருந்தவனைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியது. அவன் சேர்ட் கொலரை விரலால் பிடித்துக்கொண்டு, கதவுப் பக்கம் பார்க்கவும் பயந்து, பார்க்காமல் இருக்கவும் பயந்து போய் இருந்தான். அதற்குப் பிறகு படத்தைப் போட்டுக் காட்டினேன்.

அந்தக் காட்சியை உற்றுப் பார்த்தால் பாலையா பயத்தை ஒரேயடியாகக் காட்டமாட்டார். முதலில் மகனின் கிறுக்குத்தனம் என்ற சலிப்பு. பிறகு, சரி என்னதான் சொல்கிறான் பார்ப்போம் என்ற ஒரு சின்ன ஆவல். அப்புறம்தான் பயம் மெல்ல மெல்ல ஏறும். நாகேஷின் கதைக்கு ஆதாரம் அவர் முகம். 1966இல் இந்தியில் எடுத்தபோது ஓம்பிரகாஷும் மெஹ்மூத்தும் இதைச் செய்தார்கள். நன்றாகவே செய்தார்கள். எனக்குப் பாலையாதான்.

தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாடகம் பழக்கும்போது இப்போதெல்லாம் நான் வசனம் இல்லாத பாத்திரத்துக்குத்தான் முதலில் ஆள் தேடுவது.

வவுனியாவிலிருந்து

எங்கள் வீட்டில் ‘பாமா விஜயம்’. பாலசந்தர் படம், 1967. அம்மா கடைக் கொப்பியோடு குந்தினால் ‘வரவு எட்டணா செலவு பத்தணா’ தானாக வாயில் வரும். மூன்று ஆம்பிளைப் பிள்ளைகளின் குடும்பத்தையும் கட்டிக்காக்கிற அந்தத் தகப்பனைப் பார்த்து, “அப்பா இருந்திருந்தால் இப்படித்தான் ஏசியிருப்பார்” என்று அண்ணா ஒரு தரம் சொன்னான். அவன் அப்பாவைப் பற்றி வாய் திறப்பது மிகவும் குறைவு. இதைவிட எனக்கு எழுதத் தெரியவில்லை.

கிளிநொச்சி, பாரதிபுரத்திலிருந்து

நாங்கள் மலைநாட்டிலிருந்து 77 கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறிய ஆட்கள். நீங்கள் பாலையாவைக் கேட்கிறவர், சிரிக்க வைக்கிறவர் என்கிறீர்கள். எனக்கு அவர் கெடுக்கிறவர்.

‘சதிலீலாவதி’யை நான் பார்த்ததில்லை, கதையைத்தான் வாசித்தேன். வசதியான குடும்பத்துக்காரன் ஒருவனை (அது எம்.கே. ராதா) குடிக்குப் பழக்கிக் கெடுக்கிற ஆள் பாலையா. குடிவெறியில் கொலை செய்துவிட்டதாக நம்பி அவன் தப்பி ஓடுகிறான். எங்கே? இலங்கைக்கு. வந்து தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறான். பாலையாவின் முதல் படமே எங்கள் தோட்டத்தில் வந்து முட்டுகிறது என்று அறிந்தபோது உடம்பு சிலிர்த்தது.

படம் வந்தது 1936. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் மண்டபம் முகாமில் தங்கி, தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, ரயிலில் மடுவைத் தாண்டி மலைக்குப் போனார்கள். தாத்தா அந்த வழியாகத்தான் வந்தவர். சாகும் வரைக்கும், “நல்லாப் பேசி ஒருத்தன் ஏமாத்திக் கூட்டி வந்தான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். படத்துக் கதாநாயகனுக்குப் புதையல் கிடைத்துப் பணக்காரனாகிறான். தாத்தாவுக்குக் கிடைத்தது ஒரு லயக் காம்பரா, தோட்டத்து வரிசை வீட்டில் ஓர் அறை. அந்த இனிக்கப் பேசுகிற ஆளுக்கு என் மனதில் எப்போதும் பாலையாவின் முகம். ‘மதுரை வீரன்’ வில்லனைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கிற சிரிப்பு அவருடையது.

முள்ளியவளையிலிருந்து (தொடக்கிவைப்பவர்)

பாரதிபுரம் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு எழும்பி வெளியே போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்ப வந்து எழுதுகிறேன். கோபம் வந்தது பாலையாவில் இல்லை. அந்த முகத்தைத் தாத்தாவுக்கு வேண்டிய இடத்தில் நீங்கள் வைத்துக்கொண்டது நியாயம் என்றே படுகிறது. ஒரே ஆளின் முகம் ஒரு வீட்டில் அப்பாவாகவும் இன்னொரு வீட்டில் தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணியாகவும் இருக்கிறதே, அதுதான் குணச்சித்திர நடிகனுக்குக் கிடைக்கிற பேறு. கதாநாயகனுக்கு அது வாய்க்காது. சிவாஜி எங்கே போனாலும் சிவாஜிதான்.

வவுனியாத் தங்கச்சி, நீங்கள் எழுதியது காணும்.

இன்னொரு கேள்வி இருக்கிறது. முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்து ஆடிய அண்ணாவிமாரின் (கூத்துப் பழக்குகிற ஆசான்மாரின்) பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால் பதில் எழுதுங்கள். ‘தூக்குத் தூக்கி’யில் (1954) பாலையா வடநாட்டுச் சேட்டாக வந்து தமிழைக் கடித்துக் குதறுவார். அந்தக் கதை சினிமாவுக்கு முந்தியே நாடகமாக ஆடப்பட்டது. நம் பக்கத்துக் கொட்டகைகளில் அந்தச் சேட்டைப் பார்த்து யாராவது ஆடினார்களா? அம்மம்மா ஒருவர் ஆடியதைக் கண்டதாகச் சொல்லுவா. ஆளின் பெயரோ ஊரோ அவவுக்கு ஞாபகமில்லை.