மடிநோய்க்கு ஓம எண்ணெய், கிராம்பு எண்ணெய் போதுமா?

பாலக்கோடு கறவை:
வணக்கம். ஜெர்சி கலப்பின மாடு, இரண்டாம் ஈத்து. பின்பக்க இடது காம்பில் பால் திரிதிரியாக வருகிறது, மடி கொஞ்சம் கனத்திருக்கிறது, ஆனால் தீனி எடுக்கிறது, காய்ச்சல் இல்லை. போன ஈத்திலும் இதே காம்புதான். அப்போது ஆன்டிபயாடிக் போட்டுச் சரியானது, ஆனால் அத்தனை நாள் பாலையும் கீழேதான் ஊற்றினோம், அதில் தயிர்கூட உறையவில்லை. இப்போது ஓம எண்ணெயோ கிராம்பு எண்ணெயோ சிரிஞ்சில் எடுத்துக் காம்புக்குள் விட்டால் போதும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. விடலாமா?

ஓசூர் கால்நடை மருத்துவர்:
தயவுசெய்து காம்புக்குள் எதையும் விடாதீர்கள். ஓமத்தில் இருக்கும் தைமாலும் கிராம்பில் இருக்கும் யூஜினாலும் கிருமியின் மேல்சவ்வை உடைக்கும், ஆய்வுக்கூடத் தட்டில் மடிநோய்க் கிருமி சாகத்தான் செய்கிறது. ஆனால் மடிக்குள் இருப்பது பால், அதிலுள்ள கொழுப்பும் புரதமும் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கிருமியிடம் போய்ச் சேருவது கொஞ்சம்தான். சரி, அளவைக் கூட்டலாம் என்றால் காம்பின் உள்தோல் புண்ணாகும், பாலிலும் கிராம்பு வாடை ஏறிவிடும், பால் சொசைட்டியில் எடுக்க மாட்டார்கள். சிரிஞ்ச் சுத்தமாக இல்லையென்றால் புதுக் கிருமியை நாமே உள்ளே அனுப்பியதுபோல ஆகும்.

பென்னாகரம்:
மூலிகை வேண்டுமென்றால் மடிக்கு வெளியே பூசுங்கள் தம்பி. கால்நடைப் பல்கலைக்கழகம் சொல்லிக்கொடுத்த முறைதான்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், மூன்றையும் சேர்த்து விழுதாக அரைக்க வேண்டும். பாலை முழுக்கக் கறந்து மடியைக் கழுவிவிட்டு, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கத் தடவுங்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை, 5 நாள். காலையும் மாலையும் மட்டும் தடவிவிட்டுக் கேட்கவில்லை என்பவர்கள்தான் இங்கே அதிகம். அந்தக் காம்பைக் கடைசியாகக் கறங்கள், கெட்ட பாலைத் தொழுவத் தரையில் பீய்ச்சாதீர்கள்.

பாலக்கோடு கறவை:
சுண்ணாம்பு எரியாதா அண்ணா?

பென்னாகரம்:
அத்தனை கற்றாழையில் அந்த அளவு எரியாது. காம்பில் வெடிப்பு இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டிவிட்டுத் தடவுங்கள்.

ஓசூர் கால்நடை மருத்துவர்:
திரி மட்டும் விழும் இந்த நிலையில் விழுது பூசிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அதே காம்பில் திரும்ப வந்திருப்பதால் கிருமி மடித் திசுவுக்குள்ளேயே பதுங்கியிருக்கலாம். பூச்சு தொடங்கும் முன்பே பாலைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்துவிடும், பிறகு ஊசி தேவைப்பட்டாலும் ஒன்று மாற்றி ஒன்று போட்டுப் பாலை வீணாக்க வேண்டியதில்லை. காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் பீய்ச்சலைத் தள்ளிவிட்டு, கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து ஐஸில் வைத்துக் கொண்டுபோங்கள். கறந்த பின் காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும், அதுவரை மாடு படுக்காதபடி தீனி போடுங்கள். காய்ச்சல் வந்தாலோ, தீனி விட்டாலோ, பால் தண்ணீராகவோ ரத்தமாகவோ வந்தாலோ விழுதை நம்பி உட்காராமல் உடனே கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குக் கூப்பிடுங்கள். அந்த நிலையில் ஆன்டிபயாடிக் தள்ளிப்போனால் காம்பு போகும், சில நேரம் மாடே போகும்.

பாலக்கோடு கறவை:
சரி டாக்டர், காலையில் பால் எடுத்துக்கொண்டு போகிறேன். வீடியோ அனுப்பியவரிடமும் சொல்லிவிடுகிறேன், அவர் மாடும் இப்போது கறவையில்தான் இருக்கிறது.