துல்சா கண்காட்சியில் இஷாப்பூர் .303: அட்டையில் ஜாலியன்வாலாபாக் இடம்பெற வேண்டுமா?

கந்தகக்காடு:
நண்பர்களுக்கு வணக்கம். ஓக்லஹோமாவின் துல்சாவில் ஆண்டுக்கு இருமுறை பெரிய துப்பாக்கிக் கண்காட்சி நடக்கும். 4,000 மேசைகளுக்கு மேல் போடுவார்கள். இந்த முறை எனக்கும் ஒரு மேசை கிடைத்திருக்கிறது. வைக்கப்போவது ஒரே ஒரு துப்பாக்கி. கல்கத்தா பக்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் 1917-இல் செய்த லீ-என்ஃபீல்டு மார்க் 3, குழல் அளவு .303 அங்குலம். விற்பனைக்கு இல்லை, பார்வைக்கு மட்டும்.

பிடிக்கட்டைக்கு முன்னால் இரும்பு வளையத்தில் கிரீடம், அதன் கீழே மன்னர் ஜார்ஜைக் குறிக்கும் ஜி.ஆர்.ஐ, இஷாப்பூர், ஆண்டு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. போல்ட்டிலும் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் தண்டு) உடலிலும் ஒரே வரிசை எண். கட்டையை நான் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவில்லை, ஆளிவிதை எண்ணெய் மட்டும்தான்.

விளக்க அட்டையில் ஆண்டு, தொழிற்சாலை, 10 தோட்டா பிடிக்கும் பெட்டி, இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். "ஜாலியன்வாலாபாக்கையும் எழுது" என்கிறார் நண்பர் ஒருவர். நான் மறுத்துவிட்டேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

நெய்தல்:
எழுதத்தான் வேண்டும். அமிர்தசரஸில் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றிருக்கிறேன். குண்டு துளைத்த இடங்களைச் சுற்றி வெள்ளைக் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு துளைக்குள் என் சுண்டுவிரல் பாதி போனது. 1919 ஏப்ரல் 13, வைசாகி நாள். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டயரின் ஆட்கள் கூட்டத்தின் மீது பத்து நிமிடம்போலச் சுட்டார்கள், 1,650 தோட்டாக்கள். அரசு ஒப்புக்கொண்ட சாவு மட்டும் 379. அத்தனையும் .303 லீ-என்ஃபீல்டிலிருந்து வந்தவை. அதைச் சொல்லாமல் கிரீட முத்திரையை மட்டும் காட்டினால், வருகிறவர்கள் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

கந்தகக்காடு:
உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் என் துப்பாக்கி அமிர்தசரஸுக்குப் போனதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எந்தப் படைப்பிரிவின் கையில் இருந்தது என்பதே தெரியாது. இங்கே ஒரு மேசை தவறாமல் கதை விற்கிறார்கள். இது இன்ன கொள்ளைக்காரனுடையது, இது இன்ன தளபதியுடையது என்று. துப்பாக்கிக்குக் காசு கொடு, கதைக்குக் கொடுக்காதே என்பதுதான் மூத்த சேகரிப்பாளர்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். அட்டையில் ஜாலியன்வாலாபாக் என்று எழுதிவிட்டால், பத்தில் எட்டுப் பேர் இதே துப்பாக்கிதான் அங்கே சுட்டது என்று நினைப்பார்கள். அது பொய். செத்தவர்களுக்கும் அது மரியாதை இல்லை.

ஓய்வுபெற்ற_ஏட்டு:
நான் ஆயுதப்படையில் இருந்தவன். இந்த .303-ஐத் தோளில் சுமந்து பல வருஷம் நின்றிருக்கிறேன். நாலு கிலோ எடை. கட்டையின் முனையில் இருக்கும் பித்தளை அடித்தகட்டைத் தேய்த்து மினுக்காவிட்டால் பரேடில் திட்டு விழும். தகட்டின் சின்னக் கதவைத் திறந்தால் எண்ணெய்க் குப்பியும் குழல் துடைக்கும் கயிறும் இருக்கும். எனக்கு இது சோறு போட்ட துப்பாக்கி. 1944-இல் கோஹிமாவில் நம் சிப்பாய்கள் பிடித்ததும் 1962 சீனப் போரில் பனியில் பிடித்ததும் இதைத்தான். மும்பையில் 2008-இல் ரயில் நிலையத்தில் ஏ.கே.-47-க்கு எதிராக நின்ற போலீஸார் கையிலும் இதுதான் இருந்தது. நூறு வருஷ உழைப்பை விட்டுவிட்டு அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் எழுதுவது நியாயமா, தாயி?

அப்புறம் தம்பிக்கு ஒன்று. தொட்டுப் பார்க்க விட்டால், மறுநாளே இரும்பில் விரல்ரேகை துருவாக எழும்பும். மேசையில் ஒரு எண்ணெய்த் துணி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தொட விடுங்கள். தூக்கிப் பார்த்தால்தான் கனம் தெரியும்.

நெய்தல்:
ஐயா, நீங்கள் சுமந்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பத்து நிமிடத்தை மட்டும் எழுதச் சொல்லவில்லை, விட்டுவிட வேண்டாம் என்கிறேன். அன்று சுட்ட ஐம்பது பேரும் வெள்ளைக்காரர்கள் இல்லை. கூர்க்காக்களும் நம் மண்ணின் மற்றச் சிப்பாய்களும்தான். கோஹிமாவில் காத்தவர்களும் அதே படையின் பிள்ளைகள்தான். இந்த இரண்டும் ஒரே துப்பாக்கி வகைக்குள் இருப்பதுதான் எனக்கு முக்கியம். 1857-க்குப் பிறகு நம் சிப்பாய்களுக்கு வரிக்குழல் துப்பாக்கி (குழலுக்குள் திருகுவரி வெட்டியது, குறி நன்றாக இருக்கும்) கொடுக்கப் பயந்து, உட்புறம் வழவழப்பான குழலைக் கொடுத்தார்கள். அப்படிப் பயந்தவர்களே பிறகு இஷாப்பூரில் ஆலை வைத்து இதைச் செய்து கொடுத்தார்கள். அதையும் எழுதுங்களேன். துல்சாவில் யார் எழுதப் போகிறார்கள்?

கந்தகக்காடு அவர்களுக்கு: பொய் எழுதச் சொல்லவில்லை. சான்று இல்லை என்பதையும் சேர்த்தே எழுதலாமே.

கந்தகக்காடு:
சரி. தோட்டாப் பெட்டி வரி அப்படியே இருக்கும். அதோடு, ராத்திரி முழுக்க யோசித்து இப்படி எழுதியிருக்கிறேன்:

"இஷாப்பூர், 1917. இந்தத் துப்பாக்கி எங்கெங்கே போனது என்பதற்குப் பதிவு இல்லை. லீ-என்ஃபீல்டு .303 வகைத் துப்பாக்கிகள் 1919-இல் அமிர்தசரஸில் நிராயுதபாணிகள் மீதும், 1944-இல் கோஹிமாவில் ஜப்பானியப் படை மீதும் பயன்படுத்தப்பட்டன."

சுட முடியாதபடி போல்ட்டைத் திறந்து பிளாஸ்டிக் டை (கட்டும் பட்டை) போட்டிருப்பேன். கேட்பவர்கள் தூக்கிப் பார்க்கலாம். ஏட்டு ஐயா சொன்ன துணியும் இருக்கும்.

ஓய்வுபெற்ற_ஏட்டு:
எனக்கு இது போதும். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், வயசானவர்கள் வருவார்கள்.

நெய்தல்:
எனக்குப் போதவில்லை. "பயன்படுத்தப்பட்டன" என்ற சொல்லை எடுங்கள். துப்பாக்கி தானாகப் போய் எதையும் செய்யவில்லை. "டயரின் உத்தரவில் சுட்டுக் கொன்றார்கள்" என்று எழுதுங்கள். 379 என்ற எண்ணையும் போடுங்கள். இடம் போதாவிட்டால் தோட்டாப் பெட்டி வரியை எடுத்துவிடலாம்.