‘சன் வேலி செரனேட்’ படத்தின் தெளிவான பிரதி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். 1928, 1932, 1936 ஆகிய மூன்று குளிர்கால ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற நார்வே வீராங்கனை சோனியா ஹெனி நடித்து 1941-இல் வெளிவந்த ‘சன் வேலி செரனேட்’ என்னும் காதல் நகைச்சுவைப் படத்தின் தெளிவான பிரதியைப் பல மாதங்களாகத் தேடி வருகிறேன். என்னிடம் உள்ள பிரதியில் கிளென் மில்லர் குழுவின் இசை நன்றாகவே கேட்கிறது. ஆனால், கருஞ்சாயம் ஏற்றிய பனித்தளத்தில் நிகழும் இறுதி ஸ்கேட்டிங் நடனம் ஒரே இருட்டாக இருக்கிறது. சுழன்றாடுபவர்களின் பிம்பம் கண்ணாடியில் தெரிவதுபோல் அவர்கள் காலடியிலேயே தலைகீழாகத் தெரிவதுதான் அக்காட்சியின் உயிர் என்பதால், எனக்குப் பெரும் ஏமாற்றமாக உள்ளது. ஆங்கில வசன வரிகளுடன் நல்ல டிவிடி எங்கே கிடைக்கும் என்று அறிந்தவர்கள் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.